டி'குரூஸைத் தள்ளிய விதி

1
என் கணவர் இருந்தவரை இந்தக் கதையை எழுத முடியவில்லை. பேனாவை எடுத்தாலே பின்னால் வந்து நின்று, “அப்பிடியா நடந்துச்சு?” என்பார். இப்போது யாரும் நிற்கவில்லை. எழுதுகிறேன். (‘அவள்’ என்று வருவது நான்தான். ‘நான்’ என்று எழுதினால் அவருக்கு நியாயம் கிடைக்காது.)

2
எண்ணூர்க் கடலின் உப்புக்காற்று கம்ப்யூட்டர் அறைக்குள்

வேண்டாம். ஏசி அறைக்குள் காற்று எப்படி வரும்?

3
1974. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை. மற்றவர்கள் அட்டையில் துளையிட்டுத் தரும் புரோகிராம்கள் முறைப்படி இருக்கின்றனவா என்று பார்க்க, இக்னேஷியஸ் டி'குரூஸ் ஒரு சோதனை புரோகிராம் எழுதினார். ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் (') இருப்பதைக் கண்டுபிடிக்க அதில் ஒரு விதி: ஒரு குறியில் தொடங்கு, அடுத்த குறியில் நிறுத்து. சரிபார்க்க வேண்டியவள் தங்கபுஷ்பம். அவள் கையெழுத்திட்டால் அவருக்கு அந்த அறையில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மறுபடி நிலக்கரி யார்டு.

ஷிப்ட் பட்டியல் போடும் புரோகிராமை அதில் ஓட்டிப் பார்த்தாள்; அதில் ஆட்களின் பெயர்கள் ஒவ்வொன்றும் மேற்கோளுக்குள் இருந்தன. கமால் தேறினார். ராசையா தேறினார். டி'குரூஸ் வந்ததும், பெயரின் நடுவிலிருந்த குறியையே முடிவென்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிழை என்று அச்சடித்தது இயந்திரம்.

“உங்க விதி உங்களையே தள்ளிடுச்சு.”

“அத்த வுடு புஷ்பம். மொத குறிலேர்ந்து கடைசி குறி வரைக்கும்னு மாத்திடறேன்.”

“ஒரே அட்டையில கமாலும் ராசையாவும் இருந்தா? ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிடும்.”

“அப்போ என் பேர்ல கீற குறிய எடுத்துடறேன். தாத்தா எந்திரிச்சு வந்து கேக்கவா போறாரு?”

“ராயபுரம் மாதா கோயில்ல பாதிப் பேருக்கு இந்தப் பேருதான். எல்லாத் தாத்தாவையும் கேட்டுகினு வாங்க.”

சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். “யார்டுல ஒரே தூசிம்மா. என் இருமல் உனக்குத் தெரியும். இன்னிக்கு கையெழுத்துப் போடு. நாளைக்கு சரி பண்ணிடறேன்.”

(திருத்தம் இருவருக்குமே தெரியும். பெயருக்குள் வரும் குறியை அடுத்தடுத்து இரண்டு முறை துளையிட வேண்டும். இரண்டு சேர்ந்து வந்தால் நிற்காதே என்று விதியில் சேர்க்க வேண்டும். ஒரு நாள் வேலை. கெடு ஐந்து மணி. அப்போது நாலே முக்கால்.)

4
முதல் முடிவு: கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாவது: போடவில்லை.

இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் பஸ் நிறுத்தம்வரை வம்படித்துக்கொண்டே கூட வருகிறார். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். முப்பத்தொன்பது வருஷக் குடித்தனம். அதனால் அதை வைத்தும் எது நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நான் சொல்லப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும், அவர் பக்கம் நின்று நான் சண்டைக்கு வருவேன்.