அடியில் வெட்டப்பட்ட வரி

செத்துப்போன லூயிஸ் ஒன்பது வருடமாகத் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ராயபுரத்து வீட்டிலிருந்து கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாசலில் நின்று, மதியச் சோற்றுக்கு வந்துவிடுகிறேன் என்பான். மனைவி சில்வியா எழுந்து வந்து "சரி" என்று சொல்லும்வரை நகரமாட்டான். காய்ச்சலோ மழையோ, அவள் எழுந்தாக வேண்டும். தெருவுக்கு இது பழகிப்போயிற்று. பால்காரர் சைக்கிளை ஒதுக்கி அவனுக்கு வழிவிடுவார்.

எல்லாம், லூயிஸ் கடலில் மூழ்கிச் செத்தபோது நிருபர் பிராங்கிளின் எழுதிய செய்தியால் வந்த வினை. 'மதியச் சோற்றுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் லூயிஸ் கடலுக்குப் போனார்' என்று அது தொடங்கியது. அடடா, என்ன தொடக்கம்! புதிதாகச் சேரும் நிருபர்களுக்கெல்லாம் அதைத்தான் படித்துக் காட்டினார்கள். ஆனால் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று வந்து சேர, இடம் போதாமல், வழக்கப்படி செய்தியை அடியிலிருந்து வெட்டினார்கள். போனது ஒரே வரி: 'மறுநாள் மதியம் அவரது உடல் எண்ணூர் முகத்துவாரத்தில் கரை ஒதுங்கியது.' லூயிஸ் அச்சில் கிளம்பினான், கரை சேரவில்லை. பாதிரியார் ஜெபித்து அடக்கம் செய்ததெல்லாம் எடுபடவில்லை.

பகல் முழுக்க இறால் உரிக்கிறவள் சில்வியா. இரண்டாம் வருடம் ஒரு நாள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"ஒடம்பு தாங்கலண்ணே. ஒரு நாளாச்சும் தூங்கணும். அந்தாள கரை சேத்துடு."

பிராங்கிளினுக்கு வெட்கமாக இருந்தது. அந்த முதல் வரியை வைத்துத்தான் அவர் பெயர் வாங்கியிருந்தார். வருடா வருடம் நினைவு நாள் செய்தியாக ஏழு தடவை எழுதிக் கொடுத்தார். ஏழு தடவையும் கடைசி வரியைத்தான் வெட்டினார்கள். செய்தியைத்தான் வெட்டுவார்கள், விளம்பரத்தில் கை வைக்க எவனுக்கும் துணிச்சல் வராது. இருபத்திரண்டு வருடம் அங்கே குப்பை கொட்டியவருக்கு இது உறைக்க இவ்வளவு நாளாயிற்று, போங்கள். ஒன்பதாம் நினைவு நாளுக்கு அந்தக் கடைசி வரியை நினைவஞ்சலி விளம்பரமாக, லூயிஸ் படத்தோடு கொடுத்தார். முழுசாக வந்தது.

அன்று விடியலில் வாசலில் யாரும் நிற்கவில்லை. மதியம் ஒன்றரைக்கு லூயிஸ் வந்தான், லுங்கியில் தண்ணீர் சொட்டச் சொட்ட. சில்வியா சோறு போட்டாள். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவினான். வாசற்படியில் அவள் "சரி" சொல்லக் காத்து நின்றாள். அவன் எதுவும் சொல்லாமல் போனான்.

மறுநாள் சில்வியா ஒன்பது மணிவரை தூங்கினாள். பால்காரர் பாக்கெட்டை வாசலில் வைத்தார். பழக்கத்தில் சைக்கிளை ஒதுக்கிக்கொண்டு சற்று நின்றார், பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார்.