நிரை மாற்றிக் கேட்டவர்

இப்போதெல்லாம் ஒரு வீட்டில் நல்லது நடந்தால் தெருவுக்கே கேட்கும்படி பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். எதிர்வீட்டில் ஒரு பையன் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறானே என்ற நினைப்பு ஒருத்தருக்கும் கிடையாது. வெட்கங்கெட்ட காலம். சன்னாசிக் கிழவர் இப்படி முணுமுணுத்துக்கொண்டுதான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எதிரே இருந்த மாயாண்டி வீட்டுக்குள் நுழைந்தார்.

ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சன்னாசி மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தபோது, அவர் பிரித்துவிட்ட நிரையில், அந்த மர வரிசையில், பால் வெட்டியவர் மாயாண்டி. இப்போது அவர் மகள் ரோகினிக்கு அம்பாங்கானில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. இருந்தது ஒரே ஓர் இடம். அதற்குச் சன்னாசியின் பேரன் குணாளனும் மனுப் போட்டிருந்தான். முன்பு வேலை பார்த்த நீலாய் கம்பெனியை மூடியதிலிருந்து அவன் சும்மாதான் இருக்கிறான். எதிர்வீட்டுச் சிரிப்புச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் கிழவருக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் புதுச் செருப்பைப் பார்த்தால்கூட எரிந்தது.

"வாங்க மண்டோரே, சாப்பிடுங்க" என்று மாயாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சாப்பிட வரல. அந்த வேலைய நம்ம குணாளனுக்கு மாத்தி விட்டுடு."

"எத மாத்துறது?"

"என்னாடா முழிக்கிற? ஒம் பொண்டாட்டி பஞ்சாலை புள்ளத்தாச்சியா இருந்தப்ப அவ மேட்டு நிரைய வேற ஆளுக்கு மாத்தி விடலியா? ரெண்டு வீடும் ஒத்துக்கிட்டா, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல ஒரு வார்த்தைதான். தொரைக்குக்கூடத் தெரியாது. இதுவும் அப்படித்தான், அந்த ஆபீஸ் ஆளுகிட்ட போயிச் சொல்லிடுங்க. பொம்பளப் புள்ள, கட்டிக்கிட்டுப் போயிரும். அவன் ஆம்பள லா."

மாயாண்டியின் மனைவி பஞ்சாலை கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "அண்ணே, மேட்டு நிரைய எனக்குக் குடுத்ததே நீங்கதானே! ஆம்பளைங்களுக்கு ரோட்டோரம், பொம்பளைங்களுக்கு மேடு. கேட்டா, புருசன் சம்பாதிக்கிறான்ல, உனக்கென்னாம்பீங்க."

"ஒங்கிட்ட பேசல."

ரோகினி சிரித்துவிட்டாள். "தாத்தா, நீலாய் கம்பெனிக்கும் நாங்க ரெண்டு பேரும்தான் போனோம். பரிட்சையில நான்தான் முதல். இண்டர்வியூல எங்கிட்ட எப்ப கல்யாணம், ராத்திரி வேலைக்கு வீட்டுல விடுவாங்களா, இதத்தான் கேட்டாங்க. வேலைய குணாவுக்குக் குடுத்தாங்க. நீங்க தெரு பூரா லட்டு குடுத்தீங்க. நானும் வாங்கித் தின்னேன்."

"அது அவன் கெட்டிக்காரத்தனம்."

"அப்ப இது?"

"இது பொம்பளைங்களுக்குன்னு குடுக்கிற சலுகை."

"இந்தக் கம்பெனியில பேரே கேக்கல தாத்தா, பரிட்சையில வெறும் நம்பர்தான். செஞ்ச வேலையப் பாத்து ஆளை எடுத்த பிறகுதான் நான் பொண்ணுன்னே அவங்களுக்குத் தெரியும்."

ஆளைப் பார்க்காமல் வேலை கொடுப்பானாமே! தோளையும் கையையும் பார்த்துத்தான் சன்னாசி ஒருவன் கையில் பால் வெட்டும் கத்தி கொடுத்திருக்கிறார். முகத்தை மறைத்து நடக்கிற காரியம் எதுவானாலும் அவருக்கு அது திருட்டு வேலைதான்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. குணாளன் கேக் பெட்டியோடு உள்ளே வந்தான்.

"வாய்யா, ஒங்க தாத்தா நிரை மாத்தக் கேட்டு வந்திருக்காரு" என்றாள் பஞ்சாலை.

அவன் முகம் கறுத்துப்போனது. "மானத்த வாங்காதீங்க தாத்தா. இந்தப் பரிட்சையில கடைசிக் கணக்க நான் முடிக்கவேயில்ல, அவ முடிச்சிட்டா. நீலாய் வேலையே அவளுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா போன?"

"நீங்கதான் அதுக்குள்ள லட்டு குடுத்துட்டீங்களே!"

வீடே சிரித்தது. குணாளனும் சிரித்தான். ரோகினி கொடுத்த தட்டை வாங்கிக்கொண்டு மாயாண்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கிழவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. வேலையும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டது, வளர்த்த பிள்ளையும் இந்த வீட்டுச் சோற்றுக்கு வந்துவிட்டான்.

"நீங்களும் உக்காருங்க தாத்தா" என்றாள் ரோகினி.

"பசிக்கல."

எழுந்து வெளியே வந்தார். தன் வீட்டு வாசலைத் தாண்டிச் செம்பனைக் காட்டுப் பாதையில் நடந்தார். பின்னால் குணாளன் கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை.

"நம்பராம், நம்பர். எவனாவது பேர எட்டிப் பாத்திருப்பான். பாக்காம இருப்பானா?"