மாமா தண்ணீர் குடிக்க எழுந்தார்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்துப் பிடித்த கதை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா வீட்டில், கையில் பிஸ்கட்டோடு நான் உட்கார்ந்திருந்தபோது கண்ணெதிரே நடந்தது. அன்றிலிருந்து அக்காவும் மாமாவும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அடுத்த வீட்டுச் சண்டையைக் கதையாக்குவது நல்ல பழக்கமில்லைதான். ஆனால் அந்த வீட்டில் நானும் ஒரு கை. சீட்டாட்டத்தில் நாலாவது கை.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அக்காவின் உலகம் இருண்டு ஆறு வருடங்கள் ஆகின்றன." (அக்கா இதைக் கேட்டால் செருப்பைத் தேடுவாள். கண்டுபிடித்தும் விடுவாள். வரியை அடித்தாயிற்று.)

"இருளுக்குள் ஓர் ஒளிக்கீற்றாய்..." (சீ! அடித்தாயிற்று.)

"மாமா தண்ணீர் குடிக்க எழுந்தார்." (இது எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடித்தாயிற்று.)

சரி, ஆரம்பம் இல்லாமலே ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அக்கா, குடிநீர் வரவில்லை என்று ஜனங்கள் போன் செய்து திட்டுவார்களே, அந்தத் திட்டை வாங்கிக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். நாற்பது வயதில் விழித்திரை கெட்டு, ஒன்றரை வருடத்தில் பார்வை முழுசாகப் போய்விட்டது. மாமா லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து கொட்டிவிடுமோ என்று பயப்படுகிற ரகம். அவர்கள் பெண்ணுக்குப் பதினாலு வயது, வீட்டில் பெயர் வாலு. நான் தங்கை. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்.

ஞாயிறு தவறாமல் நாங்கள் சீட்டு விளையாடுகிற குடும்பம். அக்காவுக்குக் கண் போன பிறகும் விட மனசில்லாமல் ஒரு முறை உட்கார்ந்தோம். அவள் சீட்டுகளை மாமா அவள் காதில் ஓதினார். ஓதிய மனுஷன் அவளுக்கு எதிராக எப்படி ஆடுவார்? நாங்கள் மூன்று பேருமே நல்ல நல்ல சீட்டாகத் தூக்கிப் போட்டுத் தோற்றோம். மூன்றாவது ஆட்டத்தில் அக்கா சீட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்காகத் தோக்கறவங்களோட நான் இனிமே விளையாட மாட்டேன். ஆபீஸ்லயும் பஸ்லயும் எல்லாரும் பாவம் பாத்து வழி விடுறாங்க. இங்கயுமா?"

அன்று அலமாரிக்குள் போன சீட்டுக்கட்டு நாலு வருடம் வெளியே வரவில்லை.

3

பிறகு வாலு களத்தில் இறங்கினாள். அக்காவின் போனில் ஒரு குரல் உண்டு, திரையில் விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வாசித்துச் சொல்லும். வாலு ஒவ்வொரு விளையாட்டாக இறக்கி அம்மா கையில் கொடுத்தாள். முக்கால்வாசி விளையாட்டுகளில் அந்தக் குரல் "பொத்தான். பொத்தான். பொத்தான்" என்று மட்டும் சொன்னது.

"என்னடி இது, தையல் கடையா?" என்றாள் அக்கா.

பதினேழாவதோ பதினெட்டாவதோ, ஒரு சீட்டு விளையாட்டு. விரலை வைத்ததும் குரல் சொன்னது: "இஸ்பேட் ஏழு." நகர்த்தினால், "ஹார்ட்டின் ராணி." அக்கா ராணியின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

(இங்கே ஒரு இடைச்செருகல். அந்த விளையாட்டைச் செய்த யாரோ ஒருவர், பார்க்கிறவர்களுக்குத் தேவையே படாத ஒரு வேலையை, ஐம்பத்திரண்டு சீட்டுக்கும் பெயர் எழுதி வைக்கிற வேலையை, சலிக்காமல் செய்திருக்கிறார். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. நீங்கள் நன்றாக இருக்கணும். உங்கள் குடும்பம் நன்றாக இருக்கணும்.)

நாலு பேர், நாலு போன். அவரவர் சீட்டு அவரவர் திரையில். யாரும் யாருக்கும் ஓத வேண்டாம். முதல் மாதம் அக்கா மண்ணைக் கவ்வினாள், அவ்வளவு சந்தோஷமாகக் கவ்வினாள்! அதற்கப்புறம் எங்களைக் கவ்வ வைத்தாள்.

அவளுக்குக் காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளப் பிடிக்காது. "அதை மாட்டினா உங்க மூச்சு கேக்காது. யார்கிட்ட துருப்பு இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" ஆகவே போன் வாய்விட்டே வாசிக்கும். சீட்டு போட்டதும் பதின்மூன்றையும் ஒரே தடவல், ஒரே வாசிப்பு. அவளுக்கு மனப்பாடம் ஆகிவிடும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் அது தகர டப்பாவில் கடலையைக் கொட்டுகிற சத்தம்தான். எங்களுக்கு ஒரு எழுத்து புரியாது. சீட்டுகளை விரித்துக் காட்டிக்கொண்டே எங்களைத் தோற்கடிக்கிறாள் என்று அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

மாமா தண்ணீர் குடிக்க எழு... (மறுபடியும்! அடித்தாயிற்று.)

4

போன ஞாயிறு. ஆட்டம் பாதியில் இருந்தது. அக்கா போனுக்கு ஏதோ செய்தி வந்தது, கடலை கொட்டியது. அவள் அடுத்த சீட்டுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

மாமா தன் திரையைப் பார்த்தபடியே, "அப்ப நாளைக்கு நிதானமா எழுந்துக்கலாம்னு சொல்லு," என்றார்.

ஆபீஸிலிருந்து வந்த செய்தி: 'நாளை காலை வர வேண்டாம், மதியம் வந்தால் போதும்.' அக்கா அதை எங்களுக்குச் சொல்லவே இல்லை.

அவள் விரல் அப்படியே நின்றது. "எத்தனை நாளா புரியுது உங்களுக்கு?"

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அஞ்சு மாசம் இருக்கும். காலையில நீ போனைக் கேட்டுக்கிட்டுத் தனியா சிரிப்ப. எதுக்குன்னு தெரியாம நான் பிரஷ்ஷை வாயில வச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் என் போன்லயும் அந்தக் குரலைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டிக் கத்துக்கிட்டேன்."

இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அக்காவின் காதில் ஏறவில்லை.

"அப்ப என் சீட்டெல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"நான் கேக்கல."

"ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு கேக்காம எப்படிங்க இருக்கும்? அஞ்சு மாசமா நான் ஜெயிச்சதெல்லாம் நீங்க போட்ட பிச்சையா?"

"நான் கேக்கலம்மா."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாலு என்னைப் பார்த்தாள், நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

5

இப்போது முடிவு. முதலாவது: மாமா மன்னிப்புக் கேட்கிறார், அக்கா அழுகிறாள், எல்லோரும் கட்டிக்கொள்கிறோம். (எந்த வீட்டில்?) இரண்டாவது: வாலு இயர்போன் வாங்கித் தருகிறாள். அடுத்த வாரத்துக்கு அது சரி. ஆனால் போன ஐந்து மாதத்துக்கு யார் பதில் சொல்வது? அவர் கேட்கவில்லை என்பதற்குச் சாட்சி ஏது? மூன்றாவது: மாமா தண்ணீர் குடிக்க...

நிறுத்துங்கள். ஒரு நிமிடம்.

கூறியது கூறல் குற்றம் என்று அடித்து அடித்தே பழகிய கை என்னுடையது. இந்த ஒரு வரியை எத்தனை தடவை அடித்திருக்கிறேன்? நானும் அதை எதற்குத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்? உண்மையிலேயே அது திரும்பத் திரும்ப நடந்ததால்தான்! ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு போட்ட உடனே மாமா எழுந்து சமையலறைக்குப் போவார், குழாயை முழுசாகத் திறந்துவிடுவார், அக்கா போன் வாசித்து முடித்த பிறகுதான் வருவார். ஒரு மத்தியானத்துக்கு எட்டுத் தடவை. தப்பாமல்.

அக்கா எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறாள்! "என்னங்க, வயித்துக்குள்ள தொட்டி கட்டியிருக்கீங்களா? உங்களாலதான் ஊருக்குத் தண்ணி வரல. நான் அங்க திட்டு வாங்கறேன்." கிண்டல் கவலையாகி, இத்தனை தாகம் நல்லதில்லை என்று அவரை இழுத்துக்கொண்டு போய் சுகர் டெஸ்டே எடுக்க வைத்தாள். வாலுவுக்குப் போன் செய்து அந்த ரிப்போர்ட்டைத் தேடச் சொன்னேன்.

"சித்தி, தேதி பாத்தா நாலு மாசம் முன்னாடி. எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு."

"இந்த அஞ்சு மாசத்துக்கு முன்னாடி அப்பா இப்படித் தண்ணி குடிப்பாரா?"

"இல்ல சித்தி." அவள் குரல் உடைந்துவிட்டது. என்னுடையதும்தான்.

மாமா, உங்களுக்குத் தாகமே இல்லை. ஊசி குத்தி ரத்தம் எடுத்தபோதுகூட வாயைத் திறக்கவில்லையே, மனுஷனா நீங்கள்! எங்கள் அக்காவை ஜெயிக்கவும் வைக்காமல், தோற்கவும் வைக்காமல், அவளை அவளாகவே ஆட விட்டதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அடித்த வரியை எடுத்துத் தலைப்பாக வைக்கிறேன்.

6

(இந்தப் பகுதி அக்காவுக்கு அனுப்பிய பிரதியில் இல்லை.)

ஞாயிறு மத்தியானம். நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். கதையை அக்கா போனுக்கு அனுப்பிவிட்டேன். உள்ளறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கேட்கிறாள். இங்கே நாங்கள் மூன்று பேரும் விளையாட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். நாலாவது இடம் காலி.

கடலை கொட்டுகிறது. என் கதைதான், எனக்கே ஒரு வார்த்தை புரியவில்லை. மாமாவுக்குப் புரிகிறது. அவர் முகத்தை வைத்துத்தான் கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்கிறேன். செருப்பு வந்தபோது உதட்டோரம் சிரித்தார். பிச்சை வந்தபோது தரையைப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், அவள் கேட்பதைத் தான் கேட்கக்கூடாது என்று சமையலறைப் பக்கம் எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்க மாமா. இது உங்களுக்கும்தான்."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிப்போர்ட் வந்துவிட்டது போல.

குரல் நின்றது. அக்கா வெளியே வருகிறாள். எங்கள் பக்கம் வரவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போகிறாள். குழாய் திறக்கிற சத்தம். ஒரு டம்ளர் நிரம்புகிற சத்தம்.

நான் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறேன். அந்தத் தண்ணீர் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.