நாலு பேர் வேண்டிய குடில்

குடிலைத் திறக்க நாலு பேர் வேண்டும். சாமித்தம்பியின் வில்லங்கமெல்லாம் இந்த ஒரு வரியில்தான் தொடங்கியது.

மலையில் மூன்று குடில்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரு நாள் நடை. நாலாம் நாள் மலையின் மற்றப் பக்கம் இறங்கிவிடலாம். மாரி ஓய்ந்து, தை மாதக் கடைசியில் பாதை திறந்த கையோடு போனால் கூட்டமிராது, அருவிகள் நிறைந்திருக்கும். ஆனால் அப்போது பாதையில் மண்டிய பற்றைச்செடிகளை வெட்டியிருக்கமாட்டார்கள். பாறை வழுக்கும். அட்டையும் கூடுதல். ஆகையால் பருவத் தொடக்கத்தில் நாலு பேருக்குக் குறைந்த குழுவுக்குக் குடில் கிடையாது. இதைத் தொலைபேசியில் சொன்னவர் முதலாம் குடிலின் பொறுப்பாளர் செல்லமுத்து.

"ஒத்த ஆளுக்குத் தொறக்க மாட்டோம்ங்க ஐயா. ஒருத்தர் வழுக்கி விழுந்தா, பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். ரெண்டு பேரு கீழ எறங்கி வந்து சொல்லணும். அதான் நாலு."

சாமித்தம்பிக்கு அறுபத்தேழு வயது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்து மூன்று வருடம் வாய்க்காலுக்கு மட்டம் பார்த்தவர். ஆயிரம் அடிக்கு ஓரடி சரிவு இருந்தால் தண்ணீர் தானே போகும் என்று வாழ்ந்தவர் ஏறிய ஆகக்கூடிய உயரம் குளக்கட்டு. மனைவி போய் ஆறு வருடம். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குக் கல்லடியில் ஒரு வீடு, இளையவள் மேனுகாவுக்குச் சித்தாண்டியில் ஒரு வீடு. வீடுகளை வாங்கிக்கொண்டு மூத்தவள் லண்டனுக்கும் இளையவள் டொரன்டோவுக்கும் போய்விட்டார்கள். கல்லடி வீட்டின் பின்னறையில் சாமித்தம்பி இருக்கிறார். மாதம் ஒருமுறை சித்தாண்டிக்குப் போய் ஜன்னல்களைத் திறந்து, வீட்டுக்குக் காற்றுக் காட்டி, மறுபடி பூட்டிவிட்டு வருவார்.

ஒரு நாளில் அவர் அதிகம் பேசுவது மீன்காரனோடு. அதுவும் மீனைப் பற்றி. நாலு நாள் மூன்று பேரோடு நடந்தால், சாப்பிடும்போது உப்புக் காணாது என்று ஒருவன் சொல்வான், படுக்கும்போது ஒருவன் குறட்டை விடுவான். அவருக்கு வேண்டியிருந்தது மலையா அந்தக் குறட்டையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் மலை என்றுதான் சொல்லியிருப்பார்.

முதலில் பதியுதீனிடம் சொன்னார். காத்தான்குடியில் சப்பாத்துக்கடை வைத்திருப்பவர், நாற்பது வருடப் பழக்கம்.

"மச்சான், நான் வாறன்," என்றார் பதியுதீன். "சப்பாத்து என்ட பொறுப்பு. மத்த ரெண்டு பேர்?"

"ஆரையும் கேட்டுப் பாப்பம்."

"கேக்கிறதெண்டா மெல்லமாக் கேளுங்க. எங்கட ஆக்கள் மூணு பேர் கூடினா சங்கம் வெச்சிருவானுகள்."

அந்த அறிவுரையைக் காற்றில் விட்டுவிட்டு, சாமித்தம்பி போய்ச் சொன்னது பூபாலப்பிள்ளையிடம். ஓய்வுபெற்ற அதிபர். பெயருக்கு முன்னால் சாமஸ்ரீ, தேசகீர்த்தி, அகில இலங்கை சமாதான நீதவான். அவருடைய வீட்டுப் பெயர்ப்பலகையை வாசித்து முடிப்பதற்குள் தபால்காரன் கடிதத்தை நாய்க்கு இரையாக்கிவிட்டுப் போய்விடுவான்.

பத்தே நாளில் 'மட்டுமாநகர் மலையேறுவோர் மகா ஒன்றியம்' உதயமானது. முதலாவது கூட்டத்துக்கு இருபது பேர் வந்தார்கள். மங்கல விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, 'மலையும் மானுடமும்' என்று ஒரு சிறப்புரை. பிறகு தெரிவு. தலைவர் பூபாலப்பிள்ளை. உபதலைவர்கள் மூவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், ஊடக இணைப்பாளர், ஆலோசகர்கள் ஐவர், போஷகர்கள் ஐவர். பதவி கிடைக்காமல் மிஞ்சியவர்கள் சாமித்தம்பியும் பதியுதீனும்தான். நடக்கப்போகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு வேறு வேலை கொடுக்க விரும்பவில்லை என்று தலைவர் விளக்கினார்.

பயிற்சியும் நடந்தது. டவுனுக்குப் பக்கத்தில் ஏறுவதற்கென்று இருப்பது கல்லடிப் பாலம் ஒன்றுதான். ஞாயிறு காலை ஒன்றியம் அதன் மேல் ஏறி இறங்கிற்று. நடுப்பாலத்தில் படம் எடுத்தார்கள். பூபாலப்பிள்ளை கையை நெற்றியில் வைத்து, வாவியைச் சிகரத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தார். தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "என்னகா, ஆரும் உழுந்திட்டாங்களோ?" என்று கேட்டார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐந்தாம் கூட்டம் வரையில். அன்றைக்குத்தான் சாமித்தம்பிக்குப் பேச நேரம் கிடைத்தது. எழுந்து திட்டத்தை வாசித்தார். அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும். சமைக்கக் குடிலில் ஒன்றும் இராது, அரிசி கொண்டுபோகவேண்டும். இரண்டாம் நாள் ஓர் ஆறு, கயிறு தேவை. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆலோசகர் ஒருவர் கைத்தொலைபேசியில் பேத்தியின் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகச் சாமித்தம்பி சொன்னார்: "பாதை ஒத்தையடிப்பாதை. ஒராளுக்குப் பின்னால ஒராள்தான் போகலாம்."

இந்த வசனம் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப முன்னுக்குப் போறது ஆரு?" என்றார் பூபாலப்பிள்ளை.

வெளியூர்க்காரருக்கு இந்தக் கேள்வியின் பாரம் விளங்காது. எங்கள் கோயில்களில் ஒவ்வொருவரும் தாய்வழியில் ஒரு குடி. திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள், யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் தலைமுறைக் கணக்கில் அடிபட்டுத் தீர்ந்தும் தீராமலும் இருக்கும் விஷயம். அந்த முதல் மரியாதைக்கு முன்னீடு என்று பெயர்.

போஷகர் நாகமணிப்போடியார் கதிரையை இழுத்துப் போட்டார். "கோயில்ல எங்கட குடிக்குத்தான் முன்னீடு. மலையில மட்டும் பின்னால வாறதோ?"

"நீங்க மலைக்கு வரவே இல்லையே, போடியார்," என்றார் செயலாளர்.

"நான் வராட்டியும் எங்கட குடிக்காரன் ஒருத்தன் வருவான்தானே. அவன் ஆருக்குப் பின்னால நடக்கிறான் எண்டுறது எனக்குத் தெரியோணும்."

"தலைவருக்குப் பின்னால."

"தலைவர் எந்தக் குடி?"

பதியுதீன் மெதுவாகச் சொன்னார்: "அட்டைக்குக் குடி பாத்துக் கடிக்கத் தெரியுமா எண்டும் ஒருக்கா விசாரிச்சா நல்லம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாலு நாளைக்கு நாலு குடி என்று ஒரு சமரசம் வந்தது. சிகரம் வருவது மூன்றாம் நாள் என்பது தெரிந்ததும் நாலு குடியும் மூன்றாம் நாளைக் கேட்டன. போடியார் எழுந்து போனார். அவரோடு பதினொரு பேர் போனார்கள். மறுவாரம் தலைவருக்கு முழங்கால் நோ வந்து, டொக்டரின் துண்டுச்சீட்டும் வந்தது. மிஞ்சியவர்களில் ஒருவருக்கு வட்டையில் அறுவடை, ஒருவருக்கு மகளின் பரீட்சை, மற்றவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது பதியுதீன் வந்தார். கையில் ஒரு சோடி சப்பாத்து மட்டும்.

"மச்சான், ஸில்மியாவுக்கு டொக்டர் திகதிய முன்னுக்குக் கொண்டுவந்திட்டார். மூத்த மகள். தலைப்பிள்ளை. நான் இங்கதான் நிக்கோணும்."

"ஓம், நிக்கத்தானே வேணும்."

"கோவமில்லையே?"

"இதில என்ன கோவம். நல்லபடியாப் பிறக்கட்டும்."

பதியுதீன் சப்பாத்தைக் கதவடியில் வைத்தார். "போட்டுப் பழகுங்க. புதுசு, கடிக்கும்," என்றுவிட்டுப் போனார்.

சாமித்தம்பி தலைவரிடம் போய்ச் சொன்னார், ஆளில்லை, விட்டுவிடுவோம் என்று. பூபாலப்பிள்ளை அதிர்ந்துபோனார்.

"விடுறதோ? வழியனுப்பு விழாவுக்குப் பேனர் அடிச்சாச்சு, சாமித்தம்பி! பிரதம விருந்தினருக்குச் சொல்லியாச்சு. நீங்கதான் முன்னோடி. போய்ப் பாத்திட்டு வாங்க, வாற வருசம் எல்லாரும் வாறம்."

"நாலு பேர் இல்லாட்டிக் குடில் திறக்கமாட்டாங்க, சேர்."

"அதுக்குத்தான் கடிதத்தாள் இருக்கு." அங்கேயே இருந்து எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். குடில் பொறுப்பாளர் அவர்களுக்கு, எமது ஒன்றியத்தின் முன்னோடி அவர்கட்கு வேண்டிய சகல ஒத்துழைப்புகளையும் நல்குமாறு.

புறப்படும் நாள் விடிந்ததும் விழா. பஸ் நிலையத்தில் பேனர். அதில் பதினெட்டுப் பேர் மலையைப் பார்த்துச் சிரித்தார்கள். சாமித்தம்பியின் படத்துக்கு இடம் காணவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள், நாலு பேர் பேசினார்கள். சாமித்தம்பி அவர்களை எண்ணிப் பார்த்தார், சரியாக நாலு. ஐந்தாவது ஆள் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது மலைப்பக்கம் போகும் பதுளை பஸ் கிளம்பிவிட்டது. ஓடி ஏறினார்.

"மாலையக் கழட்டிட்டு இருங்க ஐயா," என்றான் கண்டக்டர். "பூக் கொட்டினா நான்தான் கூட்டோணும்."

ஏறாவூர் தாண்டும்போது செல்லமுத்துவுக்குப் போன் எடுத்தார். ஒரே ஆள்தான், ஆனால் கடிதம் இருக்கிறது என்றார்.

"வழுக்கி விழுந்தா கடுதாசி தூக்குமாங்க ஐயா?" என்றது அங்கிருந்து குரல். கோபமில்லாமல்தான் கேட்டார். "மூணு பேரத் தேடிக்கிட்டு வாங்க. கார்த்திகையில இருந்து நானும் இங்க ஒத்தையாத்தான் இருக்கேன். யாராச்சும் வந்தா எனக்கும் நல்லதுதான். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"அங்க இப்ப எப்பிடி?"

"மூடுபனிங்க. ஒண்ணும் தெரியல."

செங்கலடிச் சந்தியில் பஸ் நின்றது. சாமித்தம்பி இறங்கினார். திரும்பிக் கல்லடிக்குப் போகமுடியாது. அவர் மலையில் இருக்கிறார் என்று ஒன்றியம் பேஸ்புக்கில் போட்டுவிட்டது. இன்னும் நாலு நாளைக்கு மட்டக்களப்பில் அவருக்கு இடமில்லை. ஓட்டோ பிடித்துச் சித்தாண்டிக்குப் போய், அயலவர் காணாமல் பின் கதவால் மேனுகாவின் வீட்டுக்குள் புகுந்தார்.

இரண்டு நாள் அங்கேயே இருந்தார். ஜன்னல் திறக்கவில்லை. மலைக்கென்று கட்டிய அவலைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டார். கருவாட்டைப் பொரித்தால் மணம் காட்டிக்கொடுக்கும் என்று விட்டுவிட்டார். மகளின் மெத்தை இன்னும் கடைப் பொலித்தீனுக்குள்ளேயே இருந்தது, புரளும்போதெல்லாம் சரசரத்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் குசினிக்குமாக நடந்தார். பதியுதீன் சொன்னது சரி, கடித்தது.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்குப் போன் அடித்தது. மேனுகா.

"அப்பா, எங்க நிக்கிறீங்க?"

"மலையில மகள். ரெண்டாவது குடில். நல்ல குளிர்."

"மலையில ஃபேன் பூட்டியிருக்கோ, அப்பா?"

சாமித்தம்பி மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேனுக்கு இஞ்சால ஒரு பல்பு தெரியுதா? அது பல்பு இல்ல, கமரா. இவர் போன வருசம் ஆள் விட்டுப் பூட்டினவர்."

அந்தப் பல்பு எரியவில்லை என்று மாற்றுவதற்கு ஒருமுறை ஏணி தேடியவர் சாமித்தம்பி.

"மாசா மாசம் நீங்க வந்து ஜன்னல் திறக்கிறதைப் பாக்கிறனான் அப்பா. நீங்க கதைக்கிறதும் கேக்கும்."

"நான் ஆரோட கதைச்சன்?"

"ஜன்னலோட. கதவோட. அம்மாட படத்தோட கொஞ்சம் கூட."

"ஏன் மகள் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க கதைக்கமாட்டீங்க."

டொரன்டோவில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மலைக்கு ஏன் போகல்ல?"

"நாலு பேர் வேணும் மகள். சேரல்ல."

"ம்." பிறகு, குரலை மாற்றிக்கொண்டு, "இருக்கிறதுதான் இருக்கிறீங்க, குசினிச் சீலிங் மாரிக்கு ஒழுகினதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு விடியத்தான் வேலை, படுக்கப்போறன். கமரா போட்டபடிதான் இருக்கும்."

குசினிச் சீலிங்கில் ஓரிடத்தில் மட்டும் பழுப்பு. பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். முகம் கழுவி, தலை சீவி, சட்டையைப் போட்டுப் பொத்தானெல்லாம் பூட்டிக்கொண்டார். கதிரையொன்றை அந்தப் பல்புக்கு நேரே இழுத்துப் போட்டு, நிமிர்ந்து இருந்தார். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா, நித்திரையா என்று அந்தச் சாமானைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

"முதல் நாள், மகள்," என்று தொடங்கினார், "ஏத்தம் கொஞ்சம் கூட. விடிய வெள்ளனவே வெளிக்கிடோணும்."