ஏழாவது நிபந்தனை

வெளிநாட்டுக்காரர்களுக்கு டெல்லியில் வீடு பிடித்துக் கொடுப்பது என் வேலை. கம்பெனிகள் அனுப்பும் ஆட்களுக்கு மூன்று நாளில் ஆறு வீடு காட்டி, ஒன்றில் குடிவைத்துவிட்டு வர வேண்டும். பூங்கா இருக்க வேண்டும், கேட்டில் காவலாளி நிற்க வேண்டும், குப்பை கண்ணில் படக் கூடாது. அப்படிப்பட்ட காலனிகள் தென் டெல்லியில் எவை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினோரு வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல காற்றும் நிழலும் தேடிக் கொடுத்தவளுக்கு, தன் பிள்ளைக்கு ஒரு சன்னல் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் சொல்கிறேன். நாசூக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. இருப்பது டெல்லியின் மேற்கு ஓரம், துவாரகாவில். மகள் ஸ்நேஹாவுக்கு எட்டு வயது, மூச்சிரைப்பு. பக்கத்து மனையில் இரண்டு வருடமாக அடுக்குமாடி எழுப்புகிறார்கள். சன்னலைத் திறந்தால் சிமென்ட் தூசி, மூடினால் புழுக்கம். குளிர்காலத்துக்குள் வேறு இடம் பாருங்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைவீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் ஆபீஸ் பட்டியலில் மித்தல் ஜியின் வீடு இருந்தது. கீழே அவர் குடும்பம், இரண்டாம் மாடி வாடகைக்கு. எதிரே வேப்ப மரங்கள் நிறைந்த பூங்கா. மகளின் இருமலைச் சொல்லி, எனக்காகவே போய்க் கேட்டேன். மதராஸியா என்றார். ஆமாம் என்றதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மதராஸிகள் படித்தவர்கள், சத்தம் போடாதவர்கள், சுத்த சைவம் என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் அப்பா கரோல் பாக்கில் கடை வைத்திருந்த காலத்தில் மாடியில் ஒரு தமிழ் குமாஸ்தா குடியிருந்தாராம், அந்த வீட்டில் வெங்காயம்கூடத் தொட மாட்டார்களாம். அந்த ஒரு குடும்பத்தைப் பார்த்ததில் இவர் தமிழ்நாடு முழுவதையும் பார்த்து முடித்துவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. தப்புதான். வீட்டுக்கு வந்து கணவர் லட்சுமணனிடம் சொன்னேன்.

“அவரா நெனச்சிக்கிட்டா நாம என்ன செய்ய? நீ பேசாம இரு. புள்ளைக்கு மூச்சு விட எடம் கெடச்சா போதும்,” என்றார்.

ஒப்பந்த நகலில் ஏழாவது நிபந்தனை, வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்பது. சரி, சமைக்காமல் இருந்துவிட்டுப் போவோம் என்று இரண்டு பேரும் மனதாரத்தான் முடிவு செய்தோம். ஸ்நேஹா தன் பொம்மைகளையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டாள். “அந்த பார்க்வாலா வீட்டுக்கு எப்போம்மா ஷிஃப்ட் ஆவோம்?” என்று தினமும் கேட்டாள்.

மாறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் கிடையாதே என்று லட்சுமணன் வஞ்சிரம் வாங்கி வந்தார். மீன் கல்லில் கிடக்கும்போது வாசல் மணி அடித்தது. மித்தல் ஜி, கையில் மிட்டாய் டப்பாவோடு நின்றார். குடிவரப்போகிறவர்கள் இப்போது இருக்கும் வீட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பது இங்கே சில வீட்டுக்காரர்களின் வழக்கம். இது எனக்குத் தெரியாத விஷயமா? அடுத்தவர்களுக்கு நானே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். அவர் வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். உள்ளே வரவில்லை. மிட்டாயையும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வீடு இல்லை என்று தகவல் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஆபீஸில் லார்ஸ் என்ற டென்மார்க் இன்ஜினியரை என் தலையில் கட்டினார்கள். பார்க்க வேண்டிய வீடுகளில் முதலாவது மித்தல் ஜியுடையது. வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன். முடியாது என்றார்கள்.

சமையலறையில் லார்ஸ் கூச்சத்தோடு கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றி இறைச்சி வாட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம், பெரிய அடுப்பு வைக்க இடம் உண்டா என்று. மித்தல் ஜி பதறிப்போய், அதற்கென்ன சார், தாராளமாக என்று சொல்லி, புகைபோக்கியைத் தானே போட்டுக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு துண்டு மீனுக்கு என் பிள்ளையைத் துரத்திய மனிதர் இவர். இந்தியில் நேராகவே கேட்டுவிட்டேன், இப்போது உங்களுக்கு மூக்கு இல்லையா என்று.

அவர் கோபப்படவில்லை. பெற்ற மகளுக்குப் புத்தி சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: “பேட்டா, அவங்க வெளிநாட்டுக்காரங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்க நம்ம ஆளுங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

நம்ம ஆளுங்களாம். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

லார்ஸுக்கு வீடு பிடித்துவிட்டது. ஒப்பந்தம் தயாரிப்பதும் என் வேலைதான். சார் வருகிறார், அந்த ஏழாவது நிபந்தனையை எடுத்துவிடு என்று மித்தல் ஜி போன் செய்தார். நான் எடுக்கவில்லை. கையெழுத்துப் போடும் நாளன்று அந்த மாடியிலேயே இரண்டு பேர் முன்னாலும் காகிதத்தை வைத்தேன். வேண்டாமென்றால் உங்கள் கையாலேயே கோடு போட்டு அடியுங்கள், பக்கத்தில் கையெழுத்தும் போடுங்கள் என்று மித்தல் ஜியிடம் சொன்னேன். லார்ஸ் அது என்ன வரி என்று கேட்டார். படித்துக் காட்டினேன். யாருக்காக எழுதிய வரி, யாரை வெளியே நிறுத்திய வரி என்பதையும் ஆங்கிலத்தில், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. மிகவும் வருந்துகிறேன் என்றார். பிறகு சன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பூங்காவைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மித்தல் ஜியின் கையாவது நடுங்கும், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் வேலை போனாலும் போகட்டும் என்று இவ்வளவும் செய்தேன். அவர் என்னிடமே பேனா வாங்கி, அந்த வரியைக் கோணாமல் அடித்து, பக்கத்தில் அழகாகப் பெயர் எழுதினார். பேனாவை மூடித் திருப்பித் தந்தார்.

“குழந்தைக்கு இருமல் தேவலையா, பேட்டா?” என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

“ஜாஸ்தியாயிடுச்சு,” என்றேன்.

அச்சச்சோ என்று தலையை ஆட்டிவிட்டு, லார்ஸுக்கு மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.