வெட்டிக்கொள்ளாத சாலைகள்

எங்கள் பாடாங் ஊரில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். அன்று காலை என் தாய்மாமன் வெற்றிலைத் தட்டோடு தயாராக நின்றார். யார் வீட்டுக்குப் போவது என்பதுதான் முடிவாகவில்லை.

"அந்தப் படம் வரையற பையன் வாயைத் திறந்தானா, மைசா?"

"இன்னிக்கு நேர்ல சொல்றேன்னிருக்கார், மாமா."

"பத்து மணிக்குள்ள சொல்லச் சொல்லு. இல்லேன்னா வெத்தலை ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குப் போயிடும். அவர் மகனும் நல்ல பையன்தான். என்ன, கொஞ்சம் பேசுவான்."

கொஞ்சமா? அவன் வாயைத் திறந்தால் மூட ஆள் வைக்க வேண்டும். பொதுப்பணி அலுவலகத்தில் வரைபடம் போடும் என் ரிசாலுக்கோ எப்போதும் வாயில் கொழுக்கட்டைதான். 'துறைமுகச் சாலையும் புறவழிச் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம்' என்று மட்டும் தகவல் அனுப்பியிருந்தார். பைக்கில் பறந்தேன். போன வழிகூட நினைவில்லை. சொன்ன இடத்திலேயே நெரிசலில் மாட்டிக்கொண்டதும், நல்லதாகப் போயிற்று என்று போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"சரியா சந்திப்புலதான் நிக்கிறேன், டீச்சர்."

"நானும் சந்திப்புலதான் நிக்கிறேன். உங்களைக் காணோமே."

"சாத்தே வண்டி பக்கத்துல. கறி சுடற புகை தெரியலையா?"

"இங்க புகையும் இல்ல, கறியும் இல்ல. காத்துதான் அடிக்குது. என்னைப் பிடிக்கலேன்னா நேராவே சொல்லிடுங்க."

"ஐயோ, இங்கதாங்க இருக்கேன். தலைக்கு மேல பாலம், ஒரே நிழல்."

பாலமா? கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். நேர் கீழே அவருடைய ஆரஞ்சு ஹெல்மெட்.

முந்தின நாள்தான் வகுப்பில் ஜன்னல் உயரத்தில் ஒன்றும், அதற்குக் குறுக்கே கதவடியில் தாழ்வாக ஒன்றுமாகக் கம்பளி நூல் கட்டிக் காட்டி, "பார்க்க வெட்டிக்கிற மாதிரி இருக்கும். ஒரே தளத்துல இல்லாத கோடுங்க வெட்டிக்கவே வெட்டிக்காது, மரமண்டைகளா" என்று திட்டியிருந்தேன். இன்று கணக்கு டீச்சர் பாலத்தின் மேலே, வரைபடக்காரர் அடியிலே. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"மேல பாருங்க. முகத்துக்கு முகம் ஆச்சா? இப்போ சொல்லுங்க."

அண்ணாந்தார். சுற்றிலும் எல்லாரும் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு முகம் சிவந்தது. "இத்தனை பேர் நடுவுலயா?" என்று முனகினார். போனில் மாமாவின் அழைப்பு வேறு குறுக்கே வந்துகொண்டிருந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

ஆனால் வெட்டிக்கொள்ளாத கோடுகளுக்கும் நடுவே ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டுக்கும் செங்குத்தாக ஒரு கோடு. அதுதான் இருப்பதிலேயே குறைந்த தூரம். மீதிக் கம்பளி நூல் பையிலேயே இருந்தது. மோதிரத்தைக் கழற்றி, காற்றில் ஆடாமலிருக்கக் கரும்பலகை டஸ்டரோடு கட்டி இறக்கினேன். எங்கள் ஊர் வழக்கப்படி, அதை வைத்துக்கொண்டு தன் பொருள் ஒன்றைத் திருப்பித் தந்தால் சம்மதம். மோதிரமே திரும்பி வந்தால் ஜவுளிக்கடை.

நூல் தொய்ந்தது. பிறகு கீழிருந்து மெல்ல ஓர் இழுப்பு.

மேலே இழுத்தேன். டஸ்டர் வந்தது. மோதிரம் இல்லை. டஸ்டரில் அவர் கைக்கடிகாரம் கட்டியிருந்தது, கூடவே செருகிய ஒரு குச்சி சாத்தே, சுடச்சுட. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. பூமியில் கால் பாவாமல் மாமாவின் அழைப்பை எடுத்தேன்.

"எங்கடி போகணும் வெத்தலை?"

"இங்கயே கொண்டு வாங்க, மாமா. ஆனா கீழ் ரோட்டுல வாங்க. மறந்தும் பாலத்துல ஏறிடாதீங்க."