இன்னைக்கு மட்டும்

சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டைத்தான் மேவிஸ் பார்ஜெட்டர் அன்று போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நல்ல கோட்டு என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். ஊர்க்கூடத்தில் சீட்டாட்டத்துக்குப் போடுகிற மடக்கு மேசைகளைச் சேர்த்துப் பச்சைத் துணி விரித்து, அதன் பின்னால் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். மூலையில் தேநீர்க் கொதிகலன் முனகிக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள, யாரப் புதைக்கப் போற?" என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்து சிரில் டஃபின். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"உன்னத்தான். வாய மூடிக்கிட்டு உக்காரு."

லெகெட் பண்ணையின் புல்வெளி வழியாகச் சர்ச்சுக்குப் போகிற ஒற்றையடிப் பாதைக்குத்தான் இத்தனை பாடு. லெகெட் குடும்பத்தில் கடைசி ஆளும் போய், லண்டனிலிருந்து ஒருவர் பண்ணையை வாங்கினார். போன இலையுதிர் காலத்தில் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். அது பொதுப்பாதைதான் என்று ஊர் மனுக் கொடுத்தது. மற்றவர்களுக்கு அது நாயை நடத்திக்கொண்டு போகிற வழி. மேவிஸுக்கு அப்படியில்லை. அந்தப் பக்கத்துச் சர்ச் மண்ணில் அவள் தங்கை டோரின் இருக்கிறாள், அம்மா இருக்கிறாள். இடுப்பு வலியோடு புல்வெளியைக் கடந்துவிடலாம். சாலை வழியாகச் சுற்றிப் போக முடியாது. இரண்டு பக்கமும் ஆளுயர வேலிச்செடி, ஒதுங்க இடமில்லை, தானிய லாரிகள் சீறிக்கொண்டு வரும். பூட்டுப் போட்ட புதிதில் ஒருமுறை போய்ப் பார்த்தாள். லாரிக் கண்ணாடி கோட்டுக் கையை உரசிக்கொண்டு போனது. டிரைவர் நிறுத்தி இறங்கி, "ஏம்மா, சாகணும்னா வீட்லயே சாகக் கூடாதா?" என்று கத்தினான். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. பேருந்து நின்று பல வருஷமாகிறது.

காலையிலேயே அதிகாரி விளக்கியிருந்தார்: "இருபது வருஷம் தொடர்ந்து ஊர்ச்சனங்க அந்த வழியில உரிமையோட நடந்திருக்கணும். அத மட்டுந்தான் நான் பாக்கணும்." மேவிஸ் தலையாட்டினாள். உரிமைக்கு என்ன குறைச்சல்?

முதலில் சிரிலைக் கூப்பிட்டார்கள்.

"கேட்டத் தொறந்ததே கெடையாதுங்க. ஏறிக் குதிப்போம். டர்னிப்பப் பிடுங்கித் தின்னுக்கிட்டே போவோம்."

"யாரும் உங்களத் தடுக்கலையா?" என்றாள் பண்ணையை வாங்கியவரின் வக்கீல். சின்னப் பெண், மெல்லிய குரல்.

"தடுக்கணும்னா எங்களப் புடிக்கணுமில்ல?"

கூடம் சிரித்தது. சிரில் வெற்றிவீரனைப்போல வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் அவரைப் பார்த்தாலே மேவிஸின் அம்மா, "அந்தக் காட்டுப் பயலோட சேராத," என்பாள்.

அடுத்து மேவிஸ். ஊர் மன்றத்துக்காகப் பேசிய ஜாய்ஸ், "பயப்படாதீங்க. ஞாபகம் இருக்கறத அப்படியே சொல்லுங்க," என்றாள்.

ஞாபகத்துக்கு என்ன பஞ்சம்? சொல்ல ஆரம்பித்தாள். போர் முடிந்து ரேஷன் முடியாத காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்து முழுக்கக் கேட்டருகே கூடிவிடும். அம்மாக்கள் தொப்பி வைத்திருப்பார்கள். அப்பாக்களின் கழுத்தைக் கஞ்சி போட்ட காலர் அறுக்கும். மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து லெகெட் பெரியவர் வாளியும் கையுமாக வருவார். ஆவி பறக்கும் சாணிவாடை. கூட்டத்தில் இருக்கிற பொடிசுதான் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். ஒரு இரண்டு வருஷம் அந்தப் பொடிசு டோரின்தான். கையுறை போட்ட விரலால் கேட்டுக் கம்பியைத் தட்டுவாள். "மிஸ்டர் லெகெட், நாங்க போகலாமா?" பெரியவர் வானத்தைப் பார்ப்பார், தாடையைச் சொறிவார், பெரிய யோசனைபோல மூஞ்சியை வைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வரும்.

"அவர் என்ன சொல்வார்?" வக்கீல் எழுந்துவிட்டிருந்தாள்.

மேவிஸ் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், அப்புறம் இன்னொன்று, அப்புறம் நரைத்த தலைகளெல்லாம் சேர்ந்து, பெரியவரின் இழுவையோடு, பள்ளிக்கூடத்துப் பாட்டுப்போலச் சொல்லின:

"சரீ... இன்னைக்கு மட்டும்!"

கூடமே சிரித்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வக்கீலும் சிரித்தாள், பிறகு குனிந்து எழுதினாள்.

"ஒவ்வொரு தடவையும் கேப்பீங்களா, மிஸஸ் பார்ஜெட்டர்?"

"கேக்காம எப்படிம்மா போறது? நாங்க ஒழுங்கா வளந்த பிள்ளைங்க. அவர்கிட்ட உரிமையோடதான் கேப்போம்."

"அவர் சரின்னு சொன்ன பிறகுதான் போவீங்க."

"ஆமா. அவருக்கப்புறம் அவர் மகன்கிட்டயும் அப்படித்தான். கையத் தூக்கிக் காட்டுவாரு, போவேன்."

ஜாய்ஸின் முகத்தை மேவிஸ் அப்போதுதான் பார்த்தாள். அடுப்பில் எதையோ தீயவிட்டவளின் முகம். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. ஒருத்தரைக் கேட்டுக்கொண்டு போனால் அது உரிமையில்லை, அவர் கொடுக்கிற அனுமதி. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை; கொதிகலனின் முனகல் தனியாகக் கேட்ட அந்த நேரத்தில் தானாகவே விளங்கியது.

"ஒரு நாள்கூடக் கேக்காமப் போனதில்லையா?" வக்கீலின் குரல் இன்னும் மெல்லியதாகியிருந்தது. "உங்க தங்கச்சியோட இறுதி ஊர்வலமும் அந்த வழியாத்தான் போச்சுன்னு சொல்றாங்க. அன்னைக்குமா?"

சிரில் அவளையே பார்த்தார். கண்ணால், இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லு என்றார்.

இளம்பிள்ளை வாதம் டோரினை ஒரு வாரத்தில் கொண்டுபோனது. சின்னப் பெட்டி, அப்பாவும் மாமாவும் மட்டுமே தூக்கினார்கள். கேட்டருகே வந்ததும் ஊர்வலம் நின்றது. பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் நகரவில்லை. கேட்க வேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள். அம்மா மேவிஸின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "நீ கேளு." கேட்டாள். பெரியவருக்கு வாய் திறந்து மூடியது. வேறு வார்த்தை ஏதாவது தேடியிருப்பார் போலிருக்கிறது, கிடைக்கவில்லை. "சரி கண்ணு. இன்னைக்கு மட்டும்." சொல்லிவிட்டு வாளிக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதார். அந்த ஊரில் டோரினுக்காக வாய்விட்டு அழுத ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

இல்லை என்று சொன்னால் அது நடக்கவில்லை என்றாகிவிடும்.

"கேட்டேன்," என்றாள் மேவிஸ். "நான்தான் கேட்டேன்."

"நன்றிம்மா. வேற கேள்வியில்ல."

தீர்ப்பு வர மாதங்கள் ஆகும் என்றார் அதிகாரி. தேநீரைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சிலர் மேவிஸின் தோளைத் தொட்டார்கள், சிலர் தொடவில்லை.

வாசலில் சிரில் அவளுக்குக் கைகொடுத்துப் படியிறக்கினார். "உங்கம்மா வளத்த வளப்பு இருக்கே..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். சற்று நடந்த பிறகு, "கெழவன் வெவரமாத்தான் சொல்லியிருக்கான். இன்னைக்கு மட்டும், இன்னைக்கு மட்டும்னு. எந்த வக்கீல் சொல்லிக் குடுத்தானோ."

"வேடிக்கைக்குச் சொன்னாரு."

"இருக்கும்."

"பிள்ளைங்க சிரிக்கறதுக்காகச் சொன்னாரு, சிரில்."

"நான் இல்லன்னேனா?"



அந்த ஞாயிறு அன்னையர் ஞாயிறு, அம்மாக்களுக்குப் பூக்கொடுக்கிற நாள். வேலியோரம் பூத்திருந்த ப்ரிம்ரோஸ்களைப் பறித்து, கம்பளி நூலால் கட்டி எடுத்துக்கொண்டு மேவிஸ் கேட்டு வரை போனாள். புதுச் சங்கிலி ஈரத்தில் மின்னியது. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த வீடு. ஆள் நடமாட்டம் இல்லை. புல்வெளிக்கு அப்பால் சர்ச் கோபுரம் தெரிந்தது. கல்லறைகளை மதில் மறைத்திருந்தது.

விரலால் கம்பியைத் தட்டினாள்.

"போகலாமா?"

அந்த மூஞ்சியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தது வந்தது, தாடையைச் சொறிந்தது வந்தது. அதற்குப் பின்னால் இருந்தது வேடிக்கையா கணக்கா என்று, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவளுக்குத் தெரியவில்லை.

தட்டின சத்தம் கேட்டு ஆடுகள்தான் வந்தன. ஒன்று கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி, பூக்கொத்தை முகர்ந்துவிட்டுத் தின்னத் தொடங்கியது. மேவிஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் இதழ்களெல்லாம் போய், காம்பும் போய், கம்பளி நூல் மட்டும் அதன் உதட்டில் சிக்கிக்கொண்டது. அவள் அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.